வீட்டாருக்குள் நடந்த கொலை: ராமநாதபுரம் கடற்கரையில் தடயங்களை வைத்துத் துப்புத் துலக்கும் முறை

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை வழியாக மூக்கையூர் வரைக்கும் உள்ள காவல் நிலையங்களில் புதிதாகப் பொறுப்பேற்கும் எஸ்.ஐ.க்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொலை வழக்குகளில் புதிதாக ஆஜராகும் வழக்கறிஞர்களுக்கும் இது பயன்படும்.

வெளியாள் செய்த கொலையில் அவன் கைரேகை ஒன்று வீட்டுக்குள் கிடைத்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். வீட்டாள் செய்த கொலையில் அது நடக்காது. அவன் ரேகை எல்லாக் கதவிலும் இருக்கும், அவன் முடி எல்லாத் தலையணையிலும் இருக்கும். இறந்தவரின் ரத்தம் அவன் சட்டையில் இருந்தால், “ஓடிப்போய்த் தூக்கி மடியில் போட்டேன், ஒட்டிவிட்டது” என்பான். அதையும் பொய் என்று உடனே தள்ளிவிட முடியாது. அதனால் இங்கே கேள்வி “இது யாருடையது?” என்பதோடு நிற்காது. “இந்த இடத்துக்கு, இந்த விதமாக, எப்படி வந்தது?” என்பதுதான் கேள்வி. புதியவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். கீழே உள்ள படிகளின் வரிசை இரண்டாவது கேள்விக்காக அமைந்தது.

1. கிளம்பும் முன் ஜீப்பில் இருக்க வேண்டியவை

பல அளவில் காகித உறைகள், பழுப்புத் தாள், மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாக்கள், தண்ணீர் மாதிரி எடுக்கப் புதிய பாட்டில்கள், சுத்தமான காஸ் துணி, காய்ச்சி வடித்த நீர், கையுறை, முகக்கவசம், அளவுகோல், எண் அட்டைகள், நல்ல டார்ச், வெள்ளை நூல், அரக்கு, முத்திரை. கையுறை ஒரு பெட்டி நிறைய வேண்டும். ஒவ்வொரு பொருளைத் தொடும் முன்பும் மாற்ற வேண்டியிருக்கும்.

செல்போனில் சார்ஜும் இடமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 105-வது பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ பதிவு செய்ய வேண்டும். பாதியில் நின்றுபோன வீடியோ, எதிர்த்தரப்புக்கு நாமே எடுத்துக்கொடுத்த கேள்வி.

ரத்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்தக் கடற்காற்றில் ஈரத்துணி பிளாஸ்டிக்குக்குள் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சையும் பாக்டீரியாவும் டி.என்.ஏ.வை அழித்துவிடும். அதனால்தான் காகித உறை.

2. தகவல் எப்படி வந்தாலும் கொலையாக எடுத்துக்கொண்டு போவது

வீட்டுக்குள் நடந்த கொலை பெரும்பாலும் கொலை என்ற பெயரில் நிலையத்துக்கு வராது. தூக்கு மாட்டிக்கொண்டார், வழுக்கிக் கிணற்றில் விழுந்தார், கடலில் குளிக்கப் போனவர் திரும்பவில்லை, பாம்பு கடித்துவிட்டது என்றுதான் வரும். சந்தேக மரணமாக பி.என்.எஸ்.எஸ். 194-ன் கீழ் பதிவு செய்யலாம், அதில் தவறில்லை. ஆனால் சம்பவ இடத்தில் எடுக்க வேண்டியதை எல்லாம் முதல் நாளே கொலை வழக்குக்கு எடுப்பதுபோல எடுத்துவிடுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்து சட்டப்பிரிவை மாற்றி அறிக்கை அனுப்பும் நேரத்தில் அந்த வீடு கழுவி, வெள்ளையடித்து, காரியமும் முடிந்திருக்கும்.

இறந்தவர் திருமணமாகி 7 ஆண்டுக்குள் உள்ள பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. ராமநாதபுரமா, பரமக்குடியா, எந்தக் கோட்டம் என்று பார்த்து அப்போதே தகவல் கொடுங்கள். அவர் வரும்வரை உடலை அசைக்காதீர்கள்.

அதே நேரத்தில் தடய அறிவியல் நிபுணரையும் கைரேகைப் பிரிவையும் கூப்பிட்டுவிடுங்கள். 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றத்தில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 176(3) சொல்கிறது. அவர் ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி வர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் செய்ய வேண்டியது அடுத்த படி.

3. வீட்டை நிறுத்தி வைப்பது

சாவு வீட்டுக்கு ஊரே வரும். யாரோ ஒருத்தி தண்ணீர் தெளிப்பாள், யாரோ உடலைக் குளிப்பாட்டத் தொடங்குவார்கள், இன்னொருவர் ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லிவிடுவார். எல்லோரும் தடயத்தை அழிக்க வந்தவர்கள் இல்லை. துக்கத்தில் கை சும்மா இருக்காது. அதட்டாமல், வீட்டில் வயதில் மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, “ஐயா, ஒரு மூணு மணி நேரம் யாரும் உள்ளே போகவேண்டாம், அதுக்கப்புறம் நாங்களே கூப்பிடுறோம்” என்று சொன்னால் கேட்பார்கள். ஜமாத்தாரோ ஊர்த்தலைவரோ பங்குத்தந்தையோ அங்கே இருந்தால் அவர் மூலம் சொல்லுங்கள். கயிறு கட்டுவதைவிட அது வேலை செய்யும்.

வாசலில் நிற்கும் காவலரிடம் ஒரு நோட்டு கொடுங்கள். உள்ளே போனவர் பெயர், போன நேரம், வந்த நேரம். போலீஸாரும் அதில் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து அடையாளம் தெரியாத செருப்புத் தடம் ஒன்று கேள்வியாக வரும்போது அந்த நோட்டு காப்பாற்றும்.

ஃப்ரீசர் பெட்டி வந்திருந்தால் கவனம். உடல் குளிர்ந்துவிட்டால் விறைப்பையும் உடல் சூட்டையும் வைத்து இறந்த நேரம் சொல்வது குழம்பிப்போகும். எத்தனை மணிக்கு உள்ளே வைத்தார்கள், எப்போது சுவிட்ச் போட்டார்கள் என்பதை எழுதி மருத்துவருக்குக் கொடுங்கள். கூடவே, வாடகைக் கடையில் பெட்டி கேட்டுப் போன் வந்த நேரத்தையும் விசாரியுங்கள். காலை 6 மணிக்குத்தான் பார்த்தோம் என்று வீட்டார் சொல்ல, பெட்டிக்கு 5 மணிக்கே போன் போயிருந்தால், வழக்கின் திசையே மாறிவிடும்.

4. பார்ப்பது, படமெடுப்பது, வரைவது, பிறகு தொடுவது

இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஒரு பொருளை எடுத்துவிட்டால் அது எப்படிக் கிடந்தது என்பது போய்விடும். வீட்டாள் கொலையில் நமக்கு வேண்டியதே அதுதான்.

முதலில் வாசலில் நின்று ஐந்து நிமிடம் வெறுமனே பாருங்கள். விளக்கு எரிகிறதா? ஃபேன் ஓடுகிறதா? பின்கதவுத் தாழ்ப்பாள் உள்ளிருந்து போட்டிருக்கிறதா? சோறு வடித்திருக்கிறதா, எத்தனை தட்டு கழுவாமல் கிடக்கிறது? திருடன் வந்தான் என்கிறார்கள் என்றால் பீரோ எப்படித் திறந்திருக்கிறது? சாவி வைக்கும் இடம் தெரிந்தவன் பூட்டை உடைப்பதில்லை. வெளியாள் வந்ததுபோல் காட்ட நினைப்பவன் சேலையை எல்லாம் இறைத்துவிட்டு நகை இருந்த டப்பாவை மட்டும் நேராக எடுத்திருப்பான்.

பிறகு படம். தூரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கிட்டத்தில் அளவுகோல் வைத்தும் வைக்காமலும். அப்புறம் பார்வை மகஜரும் (சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன் எழுதுவது) மாதிரி வரைபடமும். மகஜர் சாட்சியாகக் கிராம நிர்வாக அலுவலரும் அவர் உதவியாளரும் இருப்பது நல்லது. சொந்தக்காரரைச் சாட்சியாகப் போடாதீர்கள். அவர்தான் முதலில் பிறழ்சாட்சி ஆவார்.

5. ரத்தம்

அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மீனவர் வீட்டில் ரத்தக்கறை இல்லாத அரிவாள்மனை கிடையாது. கூடை, பலகை, படகிலிருந்து வந்த கத்தி, கொல்லைப்புறக் கல் எல்லாவற்றிலும் மீன் ரத்தம் இருக்கும். சம்பவ இடத்தில் போடும் ஃபீனால்ப்தலீன் சோதனை மீன் ரத்தத்துக்கும் கோழி ரத்தத்துக்கும் மனித ரத்தத்துக்கும் ஒரே இளஞ்சிவப்பைத்தான் காட்டும். ரத்தம் பட்ட இடத்தை இருட்டில் ஒளிர வைக்கும் லூமினால், ப்ளீச்சிங் பவுடருக்கும் ஒளிரும். எனவே நிறம் வந்தவுடன் “ஆயுதம் கிடைத்துவிட்டது” என்று பத்திரிகையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். மனித ரத்தம்தானா என்பதை ஆய்வகம் தனிச் சோதனையில் சொல்ல வேண்டும், யாருடையது என்பதை டி.என்.ஏ. சொல்ல வேண்டும். இந்த மூன்று படியும் மூன்று தனிக் கேள்விகள். கோரிக்கைக் கடிதத்திலும் மூன்றாகவே எழுதுங்கள்.

கத்தியைப் பார்க்கும்போது அலகைவிடப் பிடியைப் பாருங்கள். அலகைக் கழுவிவிடலாம். மரப்பிடிக்குள் அலகு நுழையும் இடுக்கிலும், பிடியில் சுற்றிய நைலான் கயிற்றின் அடியிலும் ரத்தம் தங்கும். அங்கே சுரண்டாதீர்கள். முழுக் கத்தியையும் அட்டைப்பெட்டியில் அசையாமல் கட்டி அனுப்புங்கள்.

கழுவிய வீட்டிலும் ரத்தம் முழுவதும் போய்விடாது. தரையின் இணைப்புக் கோடு, வாசற்படிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள வெடிப்பு, கட்டில் காலின் அடிப்பக்கம், குளியலறை ஜாலிக்குக் கீழே, துடைத்த துணியைப் பிழிந்த இடம். துவைத்த சட்டையில் தையல் மடிப்பு, காலர் உள்பக்கம், பொத்தான் துளை. கழுவியதே ஒரு தடயம். நடுச்சாமத்தில் ஏன் ஒரே ஒரு அறை மட்டும் கழுவப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது வீட்டிலிருந்தவர்தான்.

முற்றமோ குடிசைத் தரையோ மணலாக இருந்தால், மேலே காய்ந்து வெளுத்துப்போயிருந்தாலும் கீழே இறங்கிய ரத்தம் மணலைக் கட்டியாக்கி வைத்திருக்கும். மேல் மணலை மெதுவாக விலக்கி, அந்தக் கட்டியை உடைக்காமல் டப்பாவில் எடுங்கள். அதே முற்றத்தில் ரத்தம் படாத இடத்திலிருந்து ஒரு கை மணல் தனியாக எடுத்து, ஒப்பீட்டு மாதிரி என்று எழுதி வையுங்கள். இது இல்லாமல் போனால், உங்கள் முடிவு மணலிலிருந்தே வந்திருக்கலாமே என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்.

இப்போது அந்தச் சட்டை. தூக்கி மடியில் போட்டவன் சட்டையில் ரத்தம் அப்பியிருக்கும், இழுவிய மாதிரி, நெஞ்சிலும் தொடையிலும். அடித்தவன் சட்டையில் தெறித்த சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும், கைமுனையிலும் தோளிலும் சிலசமயம் முதுகிலும். ஓங்கிய ஆயுதம் பின்னால் போகும்போது சொட்டுகள் பின்பக்கம் தெறிக்கும். இரண்டுமே ஒரே சட்டையில் இருக்கலாம். யாருடைய ரத்தம் என்ற பதில் இரண்டுக்கும் ஒன்றே. படிந்த விதம்தான் அவன் சொல்வது உண்மையா என்று காட்டும். அதனால் சட்டையை மடிக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் படமெடுங்கள். மடிக்கும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் தாள் வையுங்கள். தாள் வைக்காமல் மடித்தால் ஒரு கறை இன்னொரு இடத்தில் ஒட்டி, நாமே புதிய கறை உண்டாக்கிவிடுவோம்.

காயவைப்பது நிழலில், மூடிய அறையில், ஒவ்வொரு துணியும் தனித்தனியாக. வெயிலில் போட்டால் டி.என்.ஏ. சிதையும். இறந்தவர் துணியும் சந்தேக நபர் துணியும் ஒரே அறையில், ஒரே மேசையில் இருக்கவே கூடாது.

6. உடல் கடலில் கிடைத்தால்

வாலிநோக்கம் பக்கமோ தங்கச்சிமடம் பக்கமோ உடல் ஒதுங்கினால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, கடல் செய்த காயம் எது, மனிதன் செய்த காயம் எது என்பது. மீனும் நண்டும் முதலில் கண் இமை, உதடு, காது மடல் போன்ற மென்மையான இடங்களைத் தின்னும். ஓரம் கொறித்ததுபோல் சீரற்றுக் கிடக்கும், சுற்றிலும் ரத்தக்கட்டு இருக்காது. விசைப்படகின் உந்துவிசிறி பட்டால் இணையான வெட்டுகள் வரிசையாக விழும். இதைப் பார்த்து முகத்தைச் சிதைத்துவிட்டார்கள் என்று முதல் தகவலிலேயே எழுதிவிட்டு, பிறகு மருத்துவர் அப்படி இல்லை என்று சொன்னால் வழக்கு அங்கேயே தடுமாறும். எழுதுங்கள், ஆனால் “காணப்படுகிறது” என்று மட்டும் எழுதுங்கள். காரணம் சொல்வது மருத்துவர் வேலை.

உயிரோடு விழுந்தாரா, இறந்தபின் போட்டார்களா? மூக்கிலும் வாயிலும் நுரை, கைக்குள் இறுகப் பிடித்த பாசியோ மணலோ இருந்தால் உயிரோடு மூழ்கியதன் பக்கம் சாயலாம். கைக்குள் இருப்பதை அங்கே பிரிக்காதீர்கள். கையைக் காகித உறையால் மூடிக் கட்டி அனுப்புங்கள்.

இதோடு டயட்டம் சோதனை. டயட்டம் என்பது தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி. உயிரோடு மூழ்குபவர் உள்ளிழுக்கும் தண்ணீரோடு அது ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். கடலில் வாழ்வது வேறு, கிணற்றிலும் ஊருணியிலும் கண்மாயிலும் வாழ்வது வேறு. கடலில் கிடைத்த உடலின் மஜ்ஜையில் நன்னீர் டயட்டம் இருந்தால், மூழ்கிய இடம் கடல் இல்லை. ஆனால் ஒப்பிடத் தண்ணீர் மாதிரி வேண்டுமே! உடல் கிடைத்த இடத்துத் தண்ணீர், வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், பக்கத்து ஊருணித் தண்ணீர் மூன்றையும் அன்றே தனித்தனிப் பாட்டிலில் எடுங்கள். மழை பெய்துவிட்டால் ஊருணியின் நிலை மாறிவிடும். இன்னொன்று: டயட்டம் கிடைக்கவில்லை என்பதால் மூழ்கவில்லை என்று ஆகாது. தனியாக இதை மட்டும் நம்பாதீர்கள்.

எங்கே போட்டிருப்பார்கள் என்பதற்கு அனுபவமுள்ள மீனவர்களைக் கேளுங்கள். வாடைக் காற்றுக் காலத்து நீரோட்டம் வேறு, கச்சான் காற்று அடிக்கும் காலத்து நீரோட்டம் வேறு. பாக் நீரிணைப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருப்பதில்லை. அவர்கள் சொல்வது தேட உதவும். நீதிமன்றத்தில் வைக்க வேண்டியதோ உடலோடு கட்டியிருந்த கயிறு, கல், சிமென்ட் கட்டி போன்ற பொருள்கள்தான். அதே கயிற்றின் மிச்சம் வீட்டு வலைக்கொட்டகையில் இருந்தால் வெட்டிய முனைகளைப் பொருத்திப் பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

7. கயிறும் முடிச்சும்

தூக்கில் தொங்கிய உடலை இறக்கும்போது முடிச்சை அவிழ்ப்பது பெரிய இழப்பு. முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் கயிற்றை வெட்டுங்கள். வெட்டிய இரு முனைகளையும் நூலால் கட்டி, நாம் வெட்டியது என்று சீட்டு ஒட்டுங்கள். வலைத்தொழில் செய்கிறவர் கை தன்னை அறியாமல் தொழில் முடிச்சுத்தான் போடும். இறந்த பெண்ணுக்கு அந்த முடிச்சுப் போடத் தெரியுமா என்பது கேட்க வேண்டிய கேள்வி. அதை வைத்து மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, இந்தக் கரையில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

கழுத்துத் தடம் தூக்கில் பெரும்பாலும் மேல்நோக்கிச் சாய்ந்து, முடிச்சுப் பக்கம் விட்டுப்போய் இருக்கும். நெரித்ததில் பெரும்பாலும் கழுத்தைச் சுற்றிக் கிடையாக, முழுசாக இருக்கும். உத்தரத்தையும் பாருங்கள். தூசி படிந்த உத்தரத்தில் கயிறு உராய்ந்த விதம், உடலைக் கீழிருந்து இழுத்து மேலே ஏற்றியதா என்று காட்டும். இறந்தபின் ரத்தம் தாழ்ந்த பக்கம் இறங்கித் தோலில் நீலம் பாயும். தொங்கியவருக்கு அது காலிலும் முன்கையிலும் இருக்க வேண்டும். முதுகில் படிந்திருந்தால், அவர் மல்லாந்து கிடந்து சில மணி நேரம் கழித்துத்தான் தொங்கவிடப்பட்டிருக்கிறார்.

8. பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பும்போது

வெறும் படிவத்தை அனுப்பாதீர்கள். மருத்துவர் சம்பவ இடத்தைப் பார்க்கவில்லை. படங்களை அவருக்குக் காட்டுங்கள். வீட்டார் என்ன சொல்கிறார்கள், நமக்கு எதில் சந்தேகம் என்பதைக் கேள்விகளாக எழுதுங்கள். ஆயுதம் பின்னால் கிடைத்தால் அதைக் காட்டி, இந்தக் காயம் இதனால் ஏற்படக்கூடியதா என்று தனியாகக் கருத்துக் கேளுங்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை: இரு கை நகங்களின் வெட்டுத் துண்டுகள் தனித்தனியாக, ரத்த மாதிரி, தலைமுடி வேரோடு, உடைகள், மூழ்கிய சந்தேகம் என்றால் மஜ்ஜைக்காக எலும்பு, விஷச் சந்தேகம் என்றால் உள்ளுறுப்புகள். விஷச் சோதனைக்குப் போகும் உள்ளுறுப்பை ஃபார்மலினில் போடக் கூடாது, விஷத்தைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். செறிந்த உப்புக் கரைசலில்தான் போடுவார்கள், அந்தக் கரைசலிலும் ஒரு மாதிரி கூடப் போக வேண்டும். மருத்துவமனையில் சிகிச்சை பெற்று இறந்தவர் என்றால், வயிற்றைக் கழுவிய நீர் முதலில் சேர்த்த மருத்துவமனையில் இருக்கும். அதை அன்றே கேட்காவிட்டால் கொட்டிவிடுவார்கள். அரளி விதை, எலி மருந்து, பூச்சி மருந்து என எது சந்தேகம் என்று பெயர் சொல்லி எழுதினால் ஆய்வகம் அதைக் குறிவைத்துத் தேடும்.

9. வீட்டார் எல்லோரிடமும் மாதிரி

சந்தேகம் ஒருவர் மீது இருந்தாலும் அந்த வீட்டில் வாழும் எல்லோருடைய கைரேகையையும் டி.என்.ஏ. மாதிரியையும் சம்மதம் பெற்று எடுங்கள். காரணம் இருக்கிறது.

நகத்துக்குள் ஆண் டி.என்.ஏ. குறைவாக இருந்தால் ஆய்வகம் ஒய் குரோமோசோம் சோதனை செய்யும். அப்பா, மகன், அண்ணன், தம்பி, சித்தப்பா எல்லோருக்கும் அது ஒன்றுதான். “கணவனோடு பொருந்துகிறது” என்று அறிக்கை வந்தால், அது கொழுந்தனோடும் மாமனாரோடும் பொருந்தும். வேரில்லாத முடியில் செய்யும் மைட்டோகாண்ட்ரியா சோதனையும் அப்படித்தான், தாய்க்கும் அவள் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்று. இரண்டு உறவினர் ரத்தம் கலந்த கறையைப் பிரிப்பதும் கடினம். எனவே கோரிக்கைக் கடிதத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதை எழுதிவிடுங்கள். பலர் இதை எழுதுவதே இல்லை.

கைது செய்தவரை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், பி.என்.எஸ்.எஸ். 51-ல் அதற்கு இடம் இருக்கிறது. நகக்கீறல் சில நாளில் ஆறிவிடும். மனைவியின் நகத்தில் கணவன் டி.என்.ஏ. இருப்பது சாதாரணம். நகத்தில் அவன் ரத்தமும் அவன் முன்கையில் புதுக்கீறலும் சேர்ந்து இருப்பது சாதாரணம் இல்லை.

கைரேகையிலும் இதே கணக்கு. கதவுப் பிடியில் அவன் ரேகை இருந்து பயனில்லை. ரத்தத்தில் பதிந்த ரேகை, வாயைக் கட்டிய டேப்பின் ஒட்டும் பக்கத்தில் ரேகை, அன்று வாங்கிய மருந்து டப்பாவில் ரேகை, கழற்றி வைத்த பல்பில் ரேகை. தேடச் சொல்ல வேண்டிய இடங்கள் இவைதான்.

10. “கடலுக்குப் போயிருந்தேன்”

இந்தக் கரையில் அதிகம் கேட்கும் பதில் இது. பொய் என்று முடிவு செய்துகொண்டு தொடங்காதீர்கள், சரிபாருங்கள். விசைப்படகு என்றால் மீன்வளத்துறை டோக்கன் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது விசைப்படகில் போனேன் என்றால் அங்கேயே கேள்வி. நாட்டுப்படகு என்றால் கூடப் போனவர்கள், ஐஸ் வாங்கிய சீட்டு, டீசல் போட்ட பில், கரைக்கு வந்ததும் மீனை ஏலம் எடுத்த வியாபாரியின் நோட்டு. படகில் அது இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி இருந்தால் அதன் பதிவும்.

செல்போன் பதிவில் வருவது டவர் இருக்கும் இடம், போன் இருந்த இடம் இல்லை. கடல்மேல் தடுப்பு இல்லாததால் கரை டவர் வெகுதூரம் எட்டும். படகில் இருந்தவனும் வீட்டில் இருந்தவனும் ஒரே டவரில் தெரியலாம். தனுஷ்கோடி முனையில் இலங்கை நெட்வொர்க்கே பிடிப்பதுண்டு. டவரை மட்டும் வைத்து வீட்டில்தான் இருந்தான் என்று எழுதினால் நிற்காது.

சிசிடிவி பதிவு குறிப்பிட்ட நாளில் தானாக அழிந்து மேலே புதியது பதிவாகும். முதல் நாளே தெருவின் இரு முனையும் நடந்து கேமரா இருக்கும் கடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமரா பதிவுக் கருவி (டி.வி.ஆர்.) காட்டும் நேரத்தையும் உண்மை நேரத்தையும் சேர்த்துப் படமெடுங்கள், சில கருவிகள் பல நிமிடம் பிசகியிருக்கும். மின்னணுப் பதிவு எதுவானாலும் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் (பி.எஸ்.ஏ.) 63-ன்படி, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாத நகல் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதி செய்தது. அது பழைய சட்டத்தின் 65பி பற்றியது என்றாலும் புதிய பிரிவு அதையே இன்னும் இறுக்கியிருக்கிறது.

11. வாக்குமூலம்

போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்புக்கு நேராக வழிகாட்டிய பகுதி மட்டும் பி.எஸ்.ஏ. 23-ன் கீழ் ஏற்கப்படும். அரிவாளை நாம் முன்பே பார்த்துவிட்டு, பிறகு அவனை அழைத்துப்போய் எடுக்க வைத்தால் அது கண்டெடுப்பே இல்லை. சீமைக்கருவேலங்காட்டுக்குள்ளிருந்து எடுக்கும்போது முதல் அடியிலிருந்து வீடியோ ஓட வேண்டும், அவன் முன்னால் நடக்க வேண்டும். உண்மை கண்டறியும் சோதனையை அவர் சம்மதமில்லாமல் செய்ய முடியாது, 2010-ல் செல்வி வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது.

12. புதைத்துவிட்டார்கள் என்றால்

நிர்வாக நடுவர் முன்னிலையில் தோண்டலாம். காலையில் தொடங்குங்கள், வெளிச்சம் நிறைய வேண்டும். விஷச் சந்தேகம் என்றால் உடலுக்கு மேலே, கீழே, இரு பக்கம், அப்புறம் சற்றுத் தள்ளி என மண் மாதிரிகள் தனித்தனியாக எடுக்க வேண்டும். விஷம் உடலில் இருந்ததா, மண்ணிலிருந்து ஏறியதா என்ற கேள்வி வரும். குடும்பத்தாரின் மத முறைப்படி மறுபடி அடக்கம் செய்ய வேண்டிய ஏற்பாட்டை முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள்.

13. சீல், படிவம், ஆய்வகம்

எடுத்த பொருளுக்கு அங்கேயே சீல், அங்கேயே சாட்சிக் கையெழுத்து. நிலையத்துக்கு வந்து சீல் வைப்பதுதான் பல நல்ல வழக்குகளைக் கெடுத்தது. படிவம் 95-ல் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அங்கிருந்து ஆய்வகம் போகும்வரை யார் கையில், எத்தனை நாள், எந்த அறையில் இருந்தது என்பது தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். ரத்த மாதிரி குளிர்பதனத்தில் இருந்ததா என்பதையும் எழுதுங்கள்.

14. சங்கிலியாகக் கோர்ப்பது

வீட்டுக் கொலையில் நேரில் பார்த்தவர் இருந்தாலும் அவர் சொந்தக்காரர். இன்று அழுதுகொண்டு உண்மை சொல்லும் மாமியார் ஒரு வருடம் கழித்து, “இருக்கிற பிள்ளையையாவது காப்பாத்தணும்” என்று மாற்றிச் சொல்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் முக்கியமான சாட்சிகளைச் சீக்கிரமே நீதித்துறை நடுவர் முன் பி.என்.எஸ்.எஸ். 183-ன் கீழ் வாக்குமூலம் கொடுக்க வைக்க வேண்டும். வீட்டில் குழந்தை பார்த்திருந்தால் சீருடை இல்லாமல், பெண் காவலர் மூலம், ஒரே தடவை கேளுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் நாம் எதிர்பார்ப்பதை அது சொல்லத் தொடங்கும். அந்தக் குழந்தை இனி யாரிடம் வளரும் என்பதையும் குழந்தைகள் நலக் குழுவிடம் அன்றே பேசுங்கள்.

சூழ்நிலைச் சாட்சியத்துக்கு அளவுகோல் 1984-ன் சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பு. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக நிரூபிக்கப்பட வேண்டும், எல்லாம் சேர்ந்து வேறு எந்த விளக்கத்துக்கும் இடமில்லாமல் இருக்க வேண்டும். அதுவும் மனைவி விஷத்தால் இறந்த வழக்குத்தான், கணவர் விடுதலையானார். இன்னொரு பக்கம் 2006-ன் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கு: பாம்பு கடித்தது என்றார்கள், பிரேதப் பரிசோதனையில் கழுத்து நெரிப்பு தெரிந்தது, தண்டனை நின்றது. வீட்டுக்குள் நடந்ததற்கு வீட்டிலிருந்தவர் விளக்கம் சொல்ல வேண்டும் என்ற அந்தக் கோட்பாடு இப்போது பி.எஸ்.ஏ. 109-ல் வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்தார் என்பதை முதலில் நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

குற்றப்பத்திரிகைக்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் ஒவ்வொரு தடயம். வலப்பக்கம் அதற்கு வீட்டார் சொல்லக்கூடிய இயல்பான விளக்கம். அந்த விளக்கத்தை உடைக்கும் இன்னொரு தடயம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வரிகளில் மறுபடி ஆய்வகத்தையோ மருத்துவரையோ கேளுங்கள். கைதானவர் காவலில் இருந்தால் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போக வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். டி.என்.ஏ. அறிக்கை அதற்குள் வராவிட்டால் இருப்பதை வைத்துத் தாக்கல் செய்துவிட்டு, அறிக்கை வந்ததும் கூடுதல் அறிக்கையாகச் சேருங்கள்.